முகக்கவசம் வேலை செய்யுமா? ஒரு கேள்விக்குள் இருக்கும் மூன்று கேள்விகள்

கொவிட்-19 காலத்துக் கட்டுப்பாடுகள் நீங்கிப் பல காலம் ஆகிவிட்டபோதிலும், முகக்கவசத்தைப் பற்றிய வழக்கு வன்னியில் இன்னும் தீர்ந்தபாடில்லை. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒரு காய்ச்சல் பரவுகிறது என்ற பேச்சு எழுந்தவுடன் தேநீர்க்கடையில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "மாஸ்க் போட்டபடியால்தான் தப்பினோம்" என்பது ஒரு கட்சி. "போட்டவனுக்கும் வந்தது, போடாதவனுக்கும் வந்தது, எல்லாம் வியாபாரம்" என்பது மறு கட்சி. இரு தரப்பாராலும் தத்தம் பக்கத்துக்கு ஏதோ ஓர் ஆய்வைக் காட்ட முடிகிறது என்பதுதான் புதிதாகக் கேட்பவரைக் குழப்புகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பொய்யானவை அல்ல. அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தேடியவை. கவசத்தின் துணி, கிருமியைச் சுமந்துவரும் துகள்களைத் தடுக்கிறதா என்பது முதற் கேள்வி. அதை அணிந்தவரோ அவருக்கு அருகில் இருப்பவரோ நோயிலிருந்து தப்புகிறாரா என்பது இரண்டாவது. ஓர் ஊரையோ நாட்டையோ பார்த்து "அணியுங்கள்" என்று சொன்னால் அங்கே நோய் குறைகிறதா என்பது மூன்றாவது. முதலாவதற்குப் பௌதிகவியல் தெளிவான விடை தருகிறது. மூன்றாவதை நெருங்க நெருங்க விடை மங்கிக்கொண்டே போகிறது. முதலாவதன் விடையை எடுத்து மூன்றாவதற்குச் சொல்வதும், மூன்றாவதன் மங்கலைக் காட்டி முதலாவதை மறுப்பதுமாகவே இந்தச் சண்டையின் பெரும்பகுதி நடக்கிறது.

நோய் எவ்வாறு பரவுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்; ஏனெனில் முகக்கவசம் எல்லாக் காய்ச்சலுக்கும் உரிய பொருள் அன்று. டெங்கு நுளம்பால் வருகிறது. எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த வயல்நீராலும் சேற்றாலும் வருகிறது. இவற்றுக்கு மூக்கை மூடிப் பயனில்லை. இன்ஃபுளுவென்சா, கொவிட்-19, சாதாரண தடிமன், சின்னமுத்து ஆகியவை மூச்சுவழி வருபவை. நோயாளி இருமும்போது மட்டுமன்றி, பேசும்போதும் பாடும்போதும் சும்மா மூச்சுவிடும்போதும்கூட, அவருடைய சுவாசப் பாதையின் ஈரம் சிறு துளிகளாக வெளியேறுகிறது. அத்துளிகளுக்குள் வைரஸ் இருக்கிறது. ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு, அதாவது 100 மைக்ரோமீற்றர் அளவுள்ள துளி சில விநாடிகளில் நிலத்தில் விழுந்துவிடும். 5 மைக்ரோமீற்றர் துகள் அசையாத காற்றில் வாயின் உயரத்திலிருந்து தரையை அடைய ஏறத்தாழ அரை மணி நேரம் எடுக்கும். ஒரு மைக்ரோமீற்றர் துகளோ பல மணி நேரம் மிதந்துகொண்டிருக்கும்.

இந்த வேறுபாடு பெரிய கருத்து மோதலுக்குக் காரணமாயிற்று. 2020 இன் முற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் அருகில் விழும் பெரிய துளிகளையே முதன்மையாகக் கருதி, ஒரு மீற்றர் இடைவெளியையும் கைகழுவுதலையும் வலியுறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையொப்பமிட்டு, மிதக்கும் நுண்துகள்களால் பரவும் வாய்ப்பைக் கவனத்தில் எடுக்குமாறு பகிரங்கமாக வேண்டினார்கள். பின்னர் நிறுவனமும் அந்த வழியை ஏற்றுக்கொண்டது. பெரிய துளிதான் பிரச்சினை என்றால் முகத்துக்கு முன்னால் எந்தத் துணி இருந்தாலும் ஓரளவு போதும். மிதக்கும் துகளும் பிரச்சினை என்றால் துணியின் தரமும், முகத்தோடு அது பொருந்தும் விதமும், அறையின் காற்றோட்டமும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கும்.

முகக்கவசத்தை மறுப்பவர்கள் அதிகமாகச் சொல்லும் வாதம், வைரஸ் 0.1 மைக்ரோமீற்றர் அளவுதான், துணியின் துளைகளோ அதைவிடப் பல மடங்கு பெரியவை, ஆகவே நுளம்பு வலையால் மணலைத் தடுக்க நினைப்பது போன்றது இது என்பதாகும். கேட்பதற்கு இது சரியாகவே படும். ஆனால் இதில் இரண்டு இடறல்கள் உள்ளன. முதலாவது, வைரஸ் தனித்துப் பறந்து வருவதில்லை. உப்பும் சளியும் கலந்த துளிக்குள் இருந்தே வருகிறது, அத்துளி வைரஸை விடப் பெரியது. இரண்டாவது, வடிகட்டி அரிதட்டைப் போல வேலை செய்வதில்லை. வன்னியில் பற்றைக்காட்டுக்குள் நுழைந்து ஓடியவர்களுக்கு இது விளங்கும்: முள்ளுக்கும் முள்ளுக்கும் இடையில் ஆள் போகும் அளவுக்கு வெளி இருக்கும், என்றாலும் மறுபக்கத்தால் வெளியே வரும்போது சட்டை எங்கேயாவது கொளுவியே இருக்கும். கவசத்தின் இழைகளும் அப்படித்தான், ஒன்றன்பின் ஒன்றாகப் பல அடுக்குகளில் தாறுமாறாகக் கிடக்கின்றன. சற்றுப் பெரிய துகள், காற்று வளையும்போது தான் வளைய முடியாமல் நேரே போய் இழையில் மோதுகிறது. மிகச் சிறிய துகள், காற்றின் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் அங்குமிங்கும் தள்ளாடி, அந்தத் தள்ளாட்டத்திலேயே ஏதாவதோர் இழையைத் தொட்டு ஒட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் தப்புவதற்கு அதிக வாய்ப்புள்ளது. அந்த அளவு 0.3 மைக்ரோமீற்றரை ஒட்டியது. என்-95 வகைக் கவசங்களை அந்த அளவை வைத்தே பரிசோதிக்கிறார்கள், குறைந்தது 95 வீதம் தடுத்தாக வேண்டும். அதைவிடச் சிறிய துகள் கூடுதலாகத் தப்பும் என்று நினைப்பது தலைகீழான கணக்கு.

சத்திரசிகிச்சைக் கவசத்திலும் என்-95 கவசத்திலும் இன்னொரு தந்திரமும் உண்டு. நடு அடுக்கு, பொலிபுரொப்பிலீன் என்ற ஒருவகைப் பிளாஸ்ரிக்கை உருக்கி ஊதி ஆக்கிய மெல்லிழைகளால் ஆனது. அவற்றில் நிலைமின் ஏற்றம் புகுத்தப்பட்டிருக்கும். தலைவாரிய சீப்பு கடதாசித் துண்டுகளை இழுப்பதற்குக் காரணமான அதே விசைதான் இங்கும் அருகால் போகும் துகளை இழைக்கு இழுக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அந்த ஏற்றம் போய்விடும், துணி மட்டும் மிஞ்சும். இதை ஒருவரும் நம் சனத்துக்கு விளக்கிச் சொன்னதாகத் தெரியவில்லை. வைத்தியசாலைக் கிளினிக் வரிசையில் ஒரு வயோதிபத் தாய், கைப்பையில் மருந்துக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த நீலக் கவசத்தை எடுத்து மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். பல தடவை தோய்த்துக் காயவைத்ததில் அதன் மடிப்புகள் சோர்ந்து, நீலம் வெளிறி, காதுப்பட்டி ஒரு பக்கம் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. "அம்மா, மூக்கையும் சேர்த்து மூடுங்கோ" என்றார் தாதி. "மூக்கை மூடினா எப்பிடிப் பிள்ளை மூச்சு விடுறது?" என்றார் அவர். அந்தக் கவசம் துப்பரவாக இருந்தது, அந்தத் தாயின் சிக்கனமும் நியாயமானது. ஆனால் வடிகட்டும் வேலை அதில் அநேகமாக மிஞ்சியிருக்காது.

துணி வடிகட்டும் என்றே வைத்துக்கொள்வோம். முகத்தில் ஏறியபின் கதை மாறுகிறது. காற்று எப்போதும் எதிர்ப்புக் குறைந்த வழியைத் தேடும், சத்திரசிகிச்சைக் கவசத்தின் கன்னப் பக்க இடைவெளியும் மூக்கின் இருபுறமும் உள்ள பள்ளமும் அதற்கு அகலத் திறந்த வாசல்கள். மூக்குக் கம்பியை அழுத்தாமல் விட்டால், உள்ளே இழுக்கும் காற்றின் கணிசமான பங்கு துணியைத் தொடாமலேயே வந்துபோகும். என்-95 இன் உண்மையான மேன்மை துணியில் மட்டும் இல்லை. முகத்தோடு இறுகப் பொருந்துவதிலும் இருக்கிறது. அதனால்தான் வைத்தியசாலைகளில் காசநோய் விடுதி போன்ற இடங்களுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. தாடி வைத்தவருக்கு அந்தப் பொருத்தம் கிடைக்காது. மூச்சை வெளிவிடும்போது கண்ணாடியில் ஆவி படிந்தால் மேற்பக்கத்தால் கசிகிறது என்று பொருள். முன்பக்கத்தில் பிளாஸ்ரிக் வால்வு உள்ள கவசம் அணிபவரைக் காக்கும். அவர் வெளிவிடும் மூச்சை வடிகட்டாமல் மற்றவருக்கு அனுப்பும்.

கண்ணாடி போன்ற முகமறைப்புகளையும் அந்த நாட்களில் பலர் வாங்கினார்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் அணியும் தடித்த முகமறைப்பு வெடிப்பின் சிதறலைத் தாங்குவதற்கானது. அதைப் போன்ற தோற்றம் கொண்ட மெல்லிய பிளாஸ்ரிக் தகடு, கண்ணில் எச்சில் தெறிப்பதைத் தடுக்கும். ஆனால் கீழும் பக்கங்களும் திறந்திருப்பதால் மிதக்கும் துகளுக்கு அது தடையே அன்று.

கவசம் யாரைக் காக்கிறது என்பதும் இங்கே பிரித்துப் பார்க்கப்பட வேண்டியது. நோயாளி அணியும்போது துளிகள் பெரிதாகவும் ஈரமாகவும் வாயிலிருந்து புறப்படும் இடத்திலேயே பிடிபடுகின்றன. அவை காற்றில் உலர்ந்து சுருங்கி மிதக்கத் தொடங்கியபின் அவற்றைப் பிடிப்பது கடினம். ஆகவே சாதாரண கவசம்கூட நோயாளியின் முகத்தில் இருக்கும்போது கூடுதல் பலன் தருகிறது. தன்னைக் காத்துக்கொள்ள விரும்புபவருக்கு இறுக்கமான, தரமான கவசம் தேவைப்படுகிறது. இருவரும் அணிந்தால் இரண்டு தடைகள். கொவிட்-19 இல் நோய்க்குறி தோன்ற முன்னரே ஒருவர் பிறருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடியவராக இருந்தபடியால்தான், நலமாக இருப்பவர்களையும் அணியச் சொல்ல வேண்டி வந்தது.

மருத்துவ வரலாற்றில் இந்த வாதம் புதியதன்று. மலாயாவின் பினாங்கில் பிறந்த வைத்தியர் வூ லியன்-தே, 1910-11 இல் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய் (பிளேக்) பரவியபோது, அது எலியிலிருந்து அன்றி மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்றின் வழியே தாவுகிறது என்று கண்டு, பஞ்சும் வலைத்துணியும் கொண்ட பல அடுக்குக் கவசத்தை வலியுறுத்தினார். அங்கு வந்த பிரெஞ்சு வைத்தியர் மெஸ்னி அதை ஏளனம் செய்து அணியாமல் நோயாளிகளைப் பார்த்தார்; சில நாட்களில் அந்த நோயாலேயே இறந்தார். அது பற்றீரியா நோய், வைரஸ் அன்று. தனி ஒருவரின் மரணம் புள்ளிவிவரமும் ஆகாது. என்றாலும் வைத்தியர்களிடையே கவசம் வேரூன்றியதில் அந்தச் சம்பவத்துக்குப் பங்குண்டு.

இனி இரண்டாம், மூன்றாம் கேள்விகள். மருந்தைச் சோதிப்பது போலவே ஆட்களை எழுமாற்றாக இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவுக்குக் கவசம் கொடுத்து, மறு பிரிவுக்குக் கொடுக்காமல் விட்டு, எத்தனை பேருக்கு நோய் வந்தது என்று எண்ணுவதே இதற்கு நேர்மையான வழி. 2020 ஏப்ரல், மே மாதங்களில் டென்மார்க்கில் சுமார் 6,000 பேரை வைத்து அப்படிச் செய்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சைக் கவசம் கொடுத்து, வெளியே போகும்போது அணியச் சொன்னார்கள். ஒரு மாத முடிவில் அப்பிரிவில் 1.8 வீதத்தினருக்கும் மற்றப் பிரிவில் 2.1 வீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டிருந்தது. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம். ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொன்ன எல்லை, தொற்றை 46 வீதம் குறைப்பதிலிருந்து 23 வீதம் கூட்டுவது வரை நீள்கிறது. அதாவது, நல்ல பலன் இருக்கவும் கூடும், பலனே இல்லாதிருக்கவும் கூடும், இந்த ஆய்வால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. "டென்மார்க் ஆய்வு மாஸ்க் பயனற்றது என்று நிரூபித்தது" என்று பரவிய செய்தி அந்த ஆய்வு சொல்லாத ஒன்று. மேலும், கவசம் கிடைத்தவர்களில் 46 வீதத்தினர் மட்டுமே சொன்னபடி அணிந்ததாகத் தெரிவித்தார்கள். சுற்றியிருந்த டென்மார்க் மக்கள் அப்போது பெரும்பாலும் அணிந்திருக்கவில்லை. ஆகையால் அணிபவரின் தற்காப்பை மட்டுமே அது அளந்தது, நோயாளி அணிவதால் பிறருக்குக் கிடைக்கும் காப்பை அளக்கவேயில்லை.

நமக்கு நெருக்கமானது பங்களாதேசத்து ஆய்வு. 2020 நவம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை 600 கிராமங்களில், மூன்று இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரை உள்ளடக்கி அது நடந்தது. பாதிக் கிராமங்களில் இலவசமாகக் கவசம் கொடுத்தார்கள்; ஊர்ப் பெரியவர்களையும் இமாம்களையும் கொண்டு பேசுவித்தார்கள்; சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆள் நிறுத்தி, அணியாதவர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். மற்றக் கிராமங்களில் 13 வீதமானோர் அணிந்திருக்க, இக்கிராமங்களில் அது 42 வீதமாக உயர்ந்தது. நோய்க்குறியோடு கூடிய, இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்யப்பட்ட தொற்று சுமார் 9 வீதம் குறைந்தது. சத்திரசிகிச்சைக் கவசம் கொடுத்த கிராமங்களை மட்டும் எடுத்தால் 11 வீதம். அவற்றிலும் 60 வயதுக்கு மேற்பட்டோரிடையே 35 வீதம். துணிக் கவசம் கொடுத்த கிராமங்களில் தெளிவான பலன் தென்படவில்லை.

இந்த எண்களை இரு கட்சியினரும் தமக்கேற்றபடி வாசிக்கலாம். "இவ்வளவு பாடுபட்டு 9 வீதம்தானா?" என்று ஒருவர் கேட்பார். நூற்றுக்கு நூறு பேர் அணிந்ததால் கிடைத்த குறைவு அன்று அது, கூடுதலாக ஏறத்தாழ முப்பது வீதத்தினர் அணிந்ததால் கிடைத்த குறைவு என்று மற்றவர் சொல்வார். மற்றவருடைய பேச்சில் நியாயம் கூடுதல் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்தக் கிராமங்களில் ஆட்கள் விலகி நிற்பதும் சற்றுக் கூடியிருந்தது. ஆகவே குறைவு முழுவதையும் துணியின் கணக்கில் வரவு வைக்க முடியாது. நோய்க்குறி இருந்ததாகச் சொன்னவர்களிடமே இரத்தம் எடுக்கப்பட்டது; தம் ஊருக்குக் கவசம் வந்தது என்று தெரிந்த ஒருவர் தமது இருமலைச் சொல்லும் விதமும் அதனால் மாறக்கூடும். 2023 இல் நோர்வேயில் நடந்த சோதனைக்கும் இந்தக் குறை உண்டு. அதில் 4,600 இற்கும் மேற்பட்டோர் 14 நாட்கள் பங்குகொண்டார்கள். கவசம் அணியச் சொல்லப்பட்டவர்களில் 8.9 வீதத்தினரும் மற்றவர்களில் 12.2 வீதத்தினரும் தமக்குச் சுவாச நோய்க்குறி வந்ததாகத் தாமே தெரிவித்தார்கள்.

துணிக் கவசத்தைப் பற்றிய எச்சரிக்கை கொவிட்டுக்கு முன்னரே வந்தது. வியட்நாமின் ஹனோய் நகர வைத்தியசாலைகளில் 1,600 இற்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் நடத்திய சோதனை 2015 இல் வெளியாயிற்று. அங்கு பயன்படுத்திய துணிக் கவசங்கள் ஏறத்தாழ 97 வீதத் துகள்களையும் மருத்துவக் கவசங்கள் 44 வீதத்தையும் உள்ளே விட்டன. துணி அணிந்தவர்களிடையே நோயும் கூடுதலாக இருந்தது. எல்லாத் துணியும் அவ்வளவு மோசம் என்று இதற்குப் பொருளில்லை. நெருக்கமாக நெய்த பருத்தி பல அடுக்காக இருந்தால் ஓரளவு தடுக்கும். ஆனால் ஊரடங்கின்போது தையற்கடைகள் சட்டைத்துணி மிச்சத்தில் ஒற்றை அடுக்காகத் தைத்துத் தந்த கவசம், மனநிறைவையே அதிகம் தந்தது என்று சொல்லலாம். சூடடிக்கும்போது தூசுக்காக முகத்தில் கட்டும் துவாயும் அவ்வாறே: பதருக்கும் சுணைக்கும் உதவும், நுண்துகளுக்கு உதவாது.

2023 ஜனவரியில், மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஒன்றாக அலசும் கொக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு, சுவாச நோய்த் தடுப்பு பற்றிய தனது தொகுப்பாய்வைப் புதுப்பித்தது. கைகழுவுதல் உட்பட 78 எழுமாற்றுச் சோதனைகளை அது அலசியது. பொதுமக்களிடையே மருத்துவக் கவசம் அணிவது, அணியாமையோடு ஒப்பிடுகையில், சுவாச நோய்களில் அனேகமாகச் சிறிதளவு வேறுபாட்டையே தரும் அல்லது வேறுபாட்டையே தராது என்று அதன் முடிவு கூறியது. உடனே "மாஸ்க் வேலை செய்யாது, விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்ற கூக்குரல் உலகெங்கும் எழுந்தது. மார்ச்சில் அந்த அமைப்பின் தலைமை ஆசிரியரே, அவ்வாறு பொருள் கொள்வது தவறு என்றும், அணியுமாறு தூண்டும் நடவடிக்கைகள் நோயைக் குறைக்கின்றனவா என்பதையே ஆய்வு பார்த்தது என்றும், கிடைத்த சான்றுகள் முடிவானவை அல்ல என்றும் விளக்கம் தர வேண்டியதாயிற்று. தொகுக்கப்பட்ட சோதனைகளில் பல கொவிட்டுக்கு முந்தியவை. பலவற்றில் அணியச் சொல்லப்பட்டவர்களில் கணிசமானோர் அணியவில்லை. அவர்களையும் "கவசம் அணிந்த பிரிவு" என்ற கணக்கிலேயே சேர்ப்பார்கள். அது பிழையல்ல, அந்த முறையின் விதி. ஆகையால் அந்தச் சோதனை அளப்பது, அணியுமாறு சொல்வதன் பலனையே.

பகலில் வைத்தியசாலையில் கவனமாக என்-95 அணிந்து வேலை செய்த தாதி, இரவில் தன் பிள்ளையிடமிருந்து தடிமனைப் பெற்றால் அதுவும் கவசம் தோற்ற கணக்கிலேயே விழும். சுகாதார ஊழியர்களிடையே என்-95 கவசத்தையும் சத்திரசிகிச்சைக் கவசத்தையும் ஒப்பிட்ட சில சோதனைகளில், ஆய்வுகூடத்தில் தெரியும் பெரிய வித்தியாசம் தெரியாமற் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அரசாங்கங்களின் பேச்சுமாற்றமும் சந்தேகத்தை வளர்த்தது. 2020 இன் தொடக்கத்தில் நலமானவர்கள் அணியத் தேவையில்லை என்றார்கள். வைத்தியசாலைகளுக்கே கவசம் போதாது என்ற அச்சம் அந்த அறிவுரைக்குள் ஒளிந்திருந்தது. ஜூன் 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் தன் நிலைப்பாட்டை மாற்றியது. தட்டுப்பாடு என்று திறந்து சொல்லியிருந்தால் சனம் விளங்கிக்கொண்டிருக்கும். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் இல்லாமல் வாழ்ந்த வன்னிக்குத் தட்டுப்பாட்டை விளக்கவா வேண்டும்? இலங்கையில் 2020 ஒக்டோபர் வர்த்தமானியின்படி பொது இடத்தில் கவசம் சட்டக் கடமையாகி, மீறினால் 10,000 ரூபா வரை தண்டமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம் என்று ஆனது. பொலிசைக் கண்டவுடன் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறி, வளைவு தாண்டியதும் இறங்கிவிடும் கவசங்கள் அந்தச் சட்டத்தின் விளைவு. வெட்டவெளியில் தனியே மோட்டார் சைக்கிளில் போனவரின் முகத்தில் அது இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன?

பாதுகாப்பைப் பற்றிய அச்சங்களில் முதன்மையானது காபனீரொட்சைட்டு உள்ளே தேங்கி நஞ்சாகும் என்பது. இது அளவைப் புரிந்துகொள்ளாததால் வரும் அச்சம். அந்த வாயுவின் மூலக்கூறு ஒரு நனோமீற்றரில் மூன்றிலொரு பங்கு. கொவிட் வைரஸ் ஏறத்தாழ 100 நனோமீற்றர், அதாவது முன்னர் சொன்ன 0.1 மைக்ரோமீற்றர். வைரஸைச் சுமக்கும் துளியைப் பிடிக்கும் இழைக்கு, ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் தென்படவே மாட்டா. அவை காற்றோடு தாராளமாகப் போய்வரும். கவசத்துக்கும் முகத்துக்கும் இடையிலுள்ள சிறு வெளியில் வெளிவிட்ட மூச்சு சற்றுத் தங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆரோக்கியமானவரின் இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அது பொருட்படுத்தத்தக்க அளவுக்குக் குறைப்பதில்லை. நாள் முழுவதும் அணிந்து சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்களே இதற்குச் சாட்சி. சிறுவர்களிடம் ஆபத்தான அளவு வாயு தேங்குகிறது என்று 2021 இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, அளந்த முறை நம்பத்தகுந்ததன்று என்ற காரணத்தால் சில வாரங்களிலேயே மீளப்பெறப்பட்டது; இருந்தும் அதன் படம் வாட்ஸ்அப்பில் ஓய்ந்தபாடில்லை.

அதற்காக எந்தத் தொல்லையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. என்-95 கவசத்தில் மூச்சிழுக்கக் கூடுதல் முயற்சி வேண்டும். மணிக்கணக்கில் அணிபவருக்குத் தலையிடி வரலாம். காதின் பின்புறமும் மூக்கின் மேலும் தோல் உரியலாம், வியர்வையால் பருக்கள் வரலாம். நாட்பட்ட சுவாச நோயும் கடும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் தமது கிளினிக் வைத்தியரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும், தானே கழற்ற முடியாத நோயாளிக்கும் அணிவிக்கவே கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூறின. கடுமையான உடலுழைப்பின்போதும் அணிய வேண்டாம் என்பது அதே நிறுவனத்தின் அறிவுரை. பங்குனி வெயிலில் வரம்பு கட்டுபவருக்கு அது அப்படியே பொருந்தும். யுத்தத்தில் செவிப்புலன் பாதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளும் அவர்களுக்கு முன்னால் வாய் மூடப்படுவது உண்மையான இழப்பு. இதை நம் நாட்டுச் சட்டம் கணக்கில் எடுத்ததாக நினைவில்லை.

நனைந்த கவசத்தைப் பற்றியும் ஒரு சொல். மாரி மழையிலோ வியர்வையிலோ நனைந்தால் காற்று துணியை ஊடுருவக் கடினப்பட்டு, பக்கங்களால் கூடுதலாகக் கசியும். அதை மாற்றிவிட வேண்டும்.

ஆகவே எங்கே அணிவது? காற்று தேங்கி, ஆட்கள் நெருங்கி, நேரம் நீளும் இடத்தில். கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்குப் போகும் குளிரூட்டப்பட்ட இரவு பஸ், கண்ணாடி அடைத்தபடி ஏழெட்டு மணி நேரம் ஒரே காற்றைச் சுற்றவிடும். அதில் பின் ஆசனத்தில் ஒருவர் இருமிக்கொண்டு வந்தால், வயோதிபரும் நீரிழிவு நோயாளரும் கர்ப்பிணிகளும் நல்ல கவசம் அணிவதில் அறிவுக்கு ஒவ்வாதது எதுவுமில்லை. ஷட்டர் திறந்து புழுதி பறக்க ஓடும் உள்ளூர் பஸ்ஸில் அந்த அவசியம் குறைவு. மழைக்கு ஷட்டர்களை இறக்கியதும் கூடிவிடும். வெளிநோயாளர் பிரிவின் வரிசையும் விடுதிகளும் நோயாளிகள் கூடுமிடங்கள் என்பதால் அங்கு எப்போதும் பயனுண்டு. நாலு பக்கமும் திறந்த ஓலைக் கொட்டிலில் நடக்கும் ரியூசன் வகுப்பு, காற்றோட்டத்தில் நகரத்துக் குளிரூட்டிய மண்டபங்களைவிட எவ்வளவோ மேல். வற்றாப்பளைப் பொங்கலிலும் மடுத் திருவிழாவிலும் திறந்த வெளியில் நிற்பவரைவிட, அங்கே போய்வர வானில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பவருக்கே ஆபத்து அதிகம்.

வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் முதலில் கவசம் ஏற வேண்டியது அவருடைய முகத்தில். அறைக் கதவையும் யன்னலையும் திறந்துவைத்து, பராமரிப்பவர் அருகில் போகும்போது தாமும் அணிய வேண்டும். இதில் காலம் முக்கியமானது. ஹொங்கொங்கில் இன்ஃபுளுவென்சா நோயாளிகளின் வீடுகளில் நடத்தி 2009 இல் வெளியான சோதனை ஒன்றில், முதல் நோயாளிக்கு நோய்க்குறி தோன்றி 36 மணி நேரத்துக்குள் கவசமும் கைகழுவுதலும் தொடங்கிய வீடுகளிலேயே மற்றவர்களுக்குப் பரவுவது தெளிவாகக் குறைந்தது. நம் வீடுகளில் வழக்கம் வேறு. முதல் நாள் கொத்தமல்லி அவித்துக் கொடுத்து, இரண்டாம் நாள் பனடோல் கொடுத்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போதுதான் பாமசியில் ஒரு கவசம் வாங்குகிறோம்; அதற்குள் அந்த 36 மணி நேரமும் போய்விடுகிறது.